எண்ணெய் காணாத கல்

மஹ்மூதா பீவி பச்சைக் கல்லைத் துணி விரித்துக் காட்டமாட்டாள். வாங்குகிற பெண்ணைத் தலையைச் சற்றே நிமிர்த்தச் சொல்லிக் கழுத்துக் குழியில் வைப்பாள். "மூச்சு விடுங்க ஆச்சி, பைய விடுங்க" என்பாள். மூச்சு ஏறி இறங்க, கல்லுக்குள் வெளிச்சம் இடம் மாறும். கைக்கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்ட பெண்ணுக்குக் கல்லைத் திருப்பித் தர மனசு வராது. சில பேர் அன்றைக்குத் தருவதே இல்லை.

அவளுக்கு ஊர் மேலப்பாளையம். தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஊர். அவள் வீட்டில் தறி கிடையாது. கணவன் அசன் முகம்மது கல் வியாபாரி. அவன் பம்பாய்க்குப் போய்க் கல் வாங்கி வருவான். அவள் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மடியில் பஞ்சுப் பொட்டலத்தோடு வீடு வீடாகப் போவாள். பெரிய வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்கு வராத காலம் அது. ஆண் வியாபாரி முன்வாசலோடு நின்றுவிட வேண்டும். பின்கட்டு வரை போகிற கல் அவள் கல் ஒன்றுதான்.

ஆற்றின் இரு கரையிலும் அவள் போகாத ஊர் குறைவு. ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஸ்டேஷனில் ரயிலேறிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனால், அக்கிரகாரத்துக் கொல்லையில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி அவளுக்கு ஓர் இடம் உண்டு. கல்லை வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். வீட்டு மாமி அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்.

"தப்பா நெனைச்சுக்காதேடி" என்று ஒரு மாமி சொன்னார்.

"நான் என்ன நெனைக்கப் போறேன்? இந்தக் கல்லு யார் யார் கைக்கெல்லாம் போயிட்டு வந்துச்சுன்னு சொன்னா, மாமி ஆத்துல முங்கினவுக எந்திரிக்கவே மாட்டீய!"

மாமிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவள் சொன்னதில் பொய்யில்லை. மாணிக்கம் வேண்டுமா, நீலம் வேண்டுமா, கொழும்புக்குக் கப்பலேறினால் போதும். முத்து, ஆறு போய்ச் சேரும் கடலிலேயே கிடைக்கிறது. பச்சை மட்டும் பக்கத்தில் எங்கும் இல்லை. மேற்குக் கடலுக்கு அப்பால் இன்னொரு கடலையும் தாண்டி, மேகம் தரையில் நடக்கிற ஒரு மலையில் அது விளைவதாக அசன் முகம்மது சொல்வான். பறங்கிக் கப்பலில் கோவாவில் வந்து இறங்கியதாம். டில்லி பாதுஷாக்கள் அதன்மேல் எழுத்துச் செதுக்கி அணிந்தார்களாம். அரண்மனைகள் சரிந்தபோது அந்தக் கற்கள் சேட்டுகளின் பெட்டிக்கு வந்தனவாம். இதையெல்லாம் அவன் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்வான். அவள் கேட்டுக்கொண்டே ஒரு கல்லைக் கண்ணருகே பிடித்திருப்பாள். தறிச் சத்தம் மெல்ல விலகிப் போய்விடும். கல்லுக்குள் மழை பெய்கிற தோப்பு ஒன்று இருக்கும், அல்லது அறுப்புக்கு முந்தைய வயல். அவள் கற்களை எடையால் நினைவு வைத்ததில்லை. உள்ளே தெரியும் காட்சியால்தான்.

பச்சைக்கு ஒரு குறை உண்டு. மாணிக்கத்தைப்போல் அது கெட்டியாகப் பிறப்பதில்லை. உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். வியாபாரிகள் கல்லை எண்ணெயில் ஊறப் போடுவார்கள். எண்ணெய் வெடிப்புக்குள் இறங்கி, வெடிப்பு கண்ணுக்கு மறைந்து, நிறம் ஆழமாகும். தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. வெடிப்பே இல்லாத, எண்ணெயே காணாத பச்சை ஆயிரத்தில் ஒன்று என்பான் அசன் முகம்மது. "அப்படி ஒண்ணு கையில கிடைச்சா விக்கமாட்டேன். ஒனக்குக் காட்டத்தான் கொண்டாருவேன்" என்பான்.

கொள்ளை நோய் பம்பாயை வாரிக்கொண்டு போன வருஷங்களில் ஒன்றில், போனவன் வரவில்லை. கூடத் தங்கியிருந்த முகம்மது மைதீன் என்ற வியாபாரி மட்டும் திரும்பி வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார்.

"எண்ணெய் காணாத கல்லாம். ஒங்ககிட்டக் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவின் நாட்கள் கழிந்த பிறகுதான் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். புளியங்கொட்டைக்குக் கொஞ்சம் சின்னது. வடக்கு ஜன்னலில், காலை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒரு படித்துறை. பாசி படிந்த படிகள் தண்ணீருக்குள் இறங்கின. ஓரத்தில் நாணல்போல ஏதோ சாய்ந்திருந்தது. கடைசிப் படியில், மிளகைப் பொடித்தால் தெறிக்கும் தூளளவு ஒரு கரும்புள்ளி. அதை அவள் ஓர் ஆளென்றே வைத்துக்கொண்டாள். குளிக்க வந்து, குளிக்க மறந்து உட்கார்ந்திருக்கிற ஆள்.

பிறகு அவள் தம்பி பாவா பம்பாய்க்குப் போய்வரத் தொடங்கினான். அவள் பழையபடி பொட்டலத்தோடு இறங்கினாள். எத்தனையோ கல் வந்து போயிற்று. படித்துறைக் கல் மட்டும் வீட்டிலேயே இருந்தது.

"ராத்தா, கல்லு நடமாடினாத்தான் வியாபாரம். நீ இதைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருக்கே" என்பான் பாவா.

"ஒனக்குக் கண்ணு வலிக்குதா? அங்கன திரும்பி உக்காரு."

அந்தக் கல் எப்படி நடமாடத் தொடங்கியது என்பதுதான் விசித்திரம். தச்சநல்லூரில் வைத்தியலிங்கம் பிள்ளை என்று ஒரு நிலச்சுவான்தார். அவர் மனைவி ஞானம்பாள், அதிகம் பேசாத பெண், மஹ்மூதா போனால் கல்லைவிடக் கல்லின் கதையை ஆசையாகக் கேட்பாள். ஒருநாள், சும்மா காட்டுவதற்காக மட்டும், படித்துறைக் கல்லைக் கொண்டுபோய் அவள் கழுத்துக் குழியில் வைத்தாள் மஹ்மூதா. ஞானம்பாள் மூச்சு விட்டாள். கல்லுக்குள் தண்ணீர் அசைந்தது. அத்தனை வருஷம் ஜன்னலோரத்தில் பார்த்தும் அது அசைந்து அவள் பார்த்ததில்லை. பஞ்சுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது இன்றைக்குத்தான் கண் விழித்தது என்று தோன்றியது.

"எனக்குத் தருவியா பீவி?" ஞானம்பாள் குரல் கேட்காத அளவுக்கு இருந்தது.

மஹ்மூதா தலையாட்டிவிட்டாள். பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. ஆனாலும் வருத்தமில்லை. "இது எண்ணெய் காணாத கல்லு ஆச்சி. நிறம் கூட்ட அடியில மினுக்குத் தாள் வச்சு அடைக்க வேண்டாம், வெளிச்சம் ரெண்டு பக்கமும் போகட்டும். மத்த நகையோட சேத்துத் தாராளமாக் கழுவலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கொடுத்தாள். டவுனில் இருந்த குற்றாலலிங்க ஆசாரி அதைத் தங்கத்தில் பதித்துப் பதக்கமாக்கினார்.

டில்லியில் தர்பார் நடந்து முடிந்த அந்தத் தை மாதம் ஞானம்பாள் மகள் உலகம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆழ்வார்திருநகரி. பதக்கம் பெண்ணோடு போவதாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் எண்ணெய்க் குளி. நகைகளுக்கும் அன்றுதான் குளி. நாத்தனார் கோமு செப்புப் பானையில் பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்து, எல்லா நகையையும் அதில் போட்டாள். நுரை பொங்கப் பொங்க ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். வளையல் மின்னியது. வைரத் தோடு மின்னியது. பச்சைப் பதக்கம் மட்டும் மோர் தெளித்த மாதிரி மங்கி வெளியே வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியது.

கோமு போட்ட கூச்சலில் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது.

மறுநாள் காலையிலேயே மேலப்பாளையத்துக்கு வில்வண்டி வந்துவிட்டது.  பாலத்தைக் கடக்கும்போது மஹ்மூதா எட்டிப் பார்த்தாள். ஆறு பனியில் பாதி மறைந்து, பச்சையும் சாம்பலுமாக, எங்கேயோ போகிற நினைவே இல்லாததுபோல் கிடந்தது.

தச்சநல்லூர் வீட்டுப் பின்முற்றத்தில் குற்றாலலிங்க ஆசாரி தூணோரம் நின்றிருந்தார். மேலில் துண்டு இல்லை. பயத்தில் இடுப்பில் கட்டியிருந்தார். பதக்கத்தின் கொக்கி தளர்ந்ததென்று போன வாரம் அவரிடம் போயிருந்ததாம். கல்லை மாற்றிவிட்டார் என்பது வீட்டாரின் முடிவு. வைத்தியலிங்கம் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலீஸுக்குச் சொல்லியனுப்ப ஆள் தயாராக நின்றான்.

"வா பீவி" என்றார் பிள்ளை. "நீ குடுத்த கல்லு இதுதானா, பாத்து ஒரே வார்த்தை சொல்லு. ஒன் சொல்லு போதும்."

"பாக்கவே வேண்டாம்" என்றாள் கோமு. "சோடாப் புட்டி ஒடைச்ச கண்ணாடி. அந்தக் கல்லை இவன் எந்தச் செட்டிகிட்டத் தள்ளினானோ!"

ஆசாரி வாய் திறந்தார். "பீவி, என் பிள்ளைய மேல சத்தியமாச் சொல்லுதேன்…"

"பிள்ளையளை எதுக்குவே இழுக்கீரு? கையைக் காட்டும், கல்லை எடுத்த கையை!" என்றார் பிள்ளை.

மஹ்மூதா பதக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். படித்துறை இல்லை. தண்ணீர் இல்லை. நாணல் இல்லை. மூடுபனிக்குள் சிலந்தி நூல் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தது.  இது என் கல் இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. மனசறிந்து பொய்யும் இல்லை. அவள் கண்ணுக்கு அது வேறு கல்தான்.

அந்தச் சொல் ஆசாரி கைக்கு விலங்கு என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இன்னொரு முறை பார்த்தாள். பதக்கத்தைப் பையச் சாய்த்தாள். மூடுபனி விலகுகிற ஒரு கோணத்தில், ஓரத்தில், மிளகுத் தூளளவு கரும்புள்ளி.

ஆள் உட்கார்ந்திருந்தான். படி போய்விட்டது, தண்ணீர் வற்றிவிட்டது, அவன் மட்டும் எழுந்து போகவில்லை.

அப்படியானால் அவள் அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர், வெடிப்புக்குள் இருந்த எண்ணெய்தான்; பூந்திக்கொட்டை நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. எண்ணெய் காணாத கல் என்று அசன் முகம்மது சொன்ன சொல், அவள் வாய் வழியாக இந்த வீட்டுக்கு வந்த சொல், உண்மையில்லை. பம்பாயில் அவனை யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவனே தெரிந்துகொண்டு… அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. ஆமாம் என்று இப்போது சொன்னால் நாளைக்கு ஆற்றங்கரை முழுக்கப் பேசுவார்கள், மேலப்பாளையத்துப் பீவி எண்ணெய்க் கல்லைத் தலையில் கட்டினாள் என்று. எந்தப் பின்கட்டும் அவளுக்குத் திறக்காது.

 ஆசாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இது நான் குடுத்த கல்லுதான்" என்றாள் மஹ்மூதா. "ஆசாரி மேல குத்தம் இல்ல. கோமு ஆச்சி மேலயும் இல்ல. கழுவலாம்னு சொன்னது நான். விளக்கெண்ணெய் இருந்தாக் கொஞ்சம் குடுங்க. வெண்கலக் கிண்ணத்துல, வெயில்ல வைக்கணும்."

"எண்ணெயா? இதுக்கா?" கோமு சிரித்தாள். "வயித்துக்குச் சரியில்லையாக்கும் கல்லுக்கு!"

பிள்ளையின் முகம் இறுகியது. "எண்ணெய் காணாத கல்லுன்னுதானே சொன்னே நீ?"

"ஆமா ஐயா. அப்படித்தான் நம்பினேன். இப்பத்தான் எனக்கே தெரியுது."

ஞானம்பாள் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். முதல்நாள் குளித்த தலை. அவள் நடந்து வர, சீயக்காய் வாசமும் கூட வந்தது. ஆசாரி பதக்கத்தின் விளிம்பை நெம்பிக் கல்லைத் தனியே எடுத்துக் கொடுத்தார். கல்லில் ஒரு கீறல் விழவில்லை. மஹ்மூதா அதைக் கிண்ணத்தில் விட்டாள். சின்ன சத்தத்தோடு அடியில் போய் உட்கார்ந்தது.

கிண்ணம் முற்றத்து நடுவில், வெயிலில். சுற்றி அவர்கள் உட்கார்ந்தார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் சூடேறி இளகி, தேன்போல் ஒளியைப் பிடித்துக்கொண்டது. கல்லிலிருந்து ஊசி முனையளவு ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. "மூச்சு விடுது" என்று முணுமுணுத்தாள் ஞானம்பாள். பூவரச மரத்து நிழல் முற்றத்தில் ஊர்ந்தது. பிள்ளை எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். போலீஸுக்குப் போக நின்றவன் தூணில் சாய்ந்து உறங்கிப் போனான். லுகர் என்ற நண்பகல் தொழுகை நேரத்தில் மஹ்மூதா தொழுவத்துப் பக்கம் போய்த் தொழுதுவிட்டு வந்தாள். ஞானம்பாள் அவள் வரும்வரை காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். காலம் என்ற ஒன்று அந்த முற்றத்துக்கு வெளியே எங்கேயோ வண்டியோட்டிக்கொண்டு போயிற்று. உள்ளே எண்ணெயும் வெயிலும், அதற்கடியில் மெல்ல மெல்ல ஊறி வருகிற பச்சையும் மட்டும் இருந்தன. முதலில் ஓரம் பச்சை பிடித்தது. நாற்றங்காலில் விதை முளைத்த மறுநாள் தெரியுமே, பார்க்கிறோமா நினைத்துக்கொள்கிறோமா என்று சொல்ல முடியாத பச்சை. பிறகு நடுவிலும் அது நிறைந்தது.

வெயில் சாய்ந்த பிறகு மஹ்மூதா கல்லை எடுத்துத் துடைத்து ஞானம்பாளின் கழுத்துக் குழியில் வைத்தாள்.

"மூச்சு விடுங்க ஆச்சி."

கோமு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அந்தக் கல்லுதான்" என்றாள் கடைசியில். அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

ஆசாரி இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போலாமா ஐயா?"

"போம்வே, போம். பதக்கத்துல நாளைக்கு வேற கல்லுப் பதிச்சுக் குடும்" என்றார் பிள்ளை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. பிறகு மஹ்மூதா பக்கம் திரும்பினார். "பதக்கம் எங்களுக்கு. கல்லை நீ எடுத்துக்கிட்டுப் போ. எண்ணெய் குடிச்சு மினுங்குற கல்லை என் பொண்ணு கழுத்துல போட்டு அனுப்ப முடியாது. சம்பந்தி வீட்டுல சிரிப்பாவ."

மஹ்மூதா கை நீட்டினாள். ஞானம்பாள் கல்லைக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் கணவன் எதிரில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் தேச்சுக் குளிச்சாத்தான் எனக்கும் மினுமினுப்பு. இல்லாட்டி நானும் வறண்டுதான் கெடப்பேன். என்னையும் எங்க ஊருக்கு வண்டியேத்தி அனுப்பிருவீயளோ?"

தூணோரம் உறங்கியவன் விழித்துச் சிரித்துவிட்டான். கோமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டு முன்கட்டுக்குப் போனார். கல் அங்கேயே தங்கியது.

அதன் பிறகு நடந்தது அவள் பயந்தபடியும் நடந்தது, பயப்படாதபடியும் நடந்தது. கல்லிடைக்குறிச்சியில் இரண்டு கொல்லைக் கதவுகள் அவளுக்குத் திறக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். பாவா ஒரு வாரம் பேசவில்லை. "ஊர்ல உள்ள அத்தனை வியாபாரியும் மூடி வச்ச விஷயத்தை முத்தத்துல போட்டு ஒடைச்சிட்டியே ராத்தா" என்றான்.

"ஒடையல பாவா. ஊறத்தான் போட்டேன்" என்றாள் அவள்.

அப்புறம் அவள் எந்தப் பச்சையைக் காட்டினாலும் முதலில் சொல்வது இதுதான்: "இது குடிக்கிற கல்லு ஆச்சி. வெந்நீர் ஆகாது, பூந்திக்கொட்டை ஆகாது. வருசத்துக்கு ஒருக்க நான் வந்து எண்ணெய் காட்டுவேன்." எழுந்து போனவர்கள் உண்டு. ஆனால் பெண்கள் பலருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. எண்ணெய்க் குளி நாளில் கல்லுக்கும் ஒரு கிண்ணம் என்றானது. மஹ்மூதா வந்தால், ஈரத் தலையோடு சுற்றி உட்கார்ந்துகொண்டு அது பச்சை பிடிப்பதைப் பார்ப்பார்கள். கல் வாங்காத பெண்களும் வந்து உட்காருவார்கள்.

உலகம்மாள் அந்தக் கல் பதித்த பதக்கத்தோடு ஆழ்வார்திருநகரிக்குப் போனாள். வருஷம் ஒருமுறை மஹ்மூதா ஆற்றோரச் சாலை வழியே வண்டியில் அங்கே போவாள். வாழைத் தோட்டம், வயல், மறுபடி வாழை. வண்டி ஆட்டத்தில் கண் செருகும். திறந்தால் பச்சை, மூடினாலும் பச்சை.

கல்லை எண்ணெயில் ஊறவிட்டுத் துடைத்து, உலகம்மாளிடம் கொடுக்கும் முன், வடக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பிடிப்பாள். எண்ணெய் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வழியாக இறங்கும். ஒரு வருஷம் படிகள் இடப்பக்கம் இருந்தன. ஒரு வருஷம் நாணலுக்குப் பதில் மரம் போல ஏதோ கவிந்திருந்தது. இன்னொரு வருஷம் தண்ணீர் படிகளை மூடி வெள்ளமாக நின்றது.

"என்ன பீவி இவ்வளவு நேரம் பாக்கீய? உள்ள யாரு இருக்கா?" என்று கேட்பாள் உலகம்மாள்.

மஹ்மூதா கல்லை இன்னொருமுறை துடைத்து அவள் கையில் வைப்பாள். ஒவ்வொரு தடவையும் படித்துறை வேறு. உட்கார்ந்திருப்பது அதே ஆள்.